கைவிடும் உரிமை

2023 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் கையெழுத்தானது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும், உரிய வகுப்புகளில் கர்சிவ்வும் சொல்லித்தர வேண்டும் என்பது சட்டம். கூகுளும் ஆப்பிளும் குடியிருக்கும் மாநிலம் அது. உலகத்தின் விரல்களைத் தொடுதிரைக்குப் பழக்கிவிட்டு, தன் பிள்ளைகளை மட்டும் மறுபடி பேனாவிடம் அனுப்புகிறது.

அதுவரை காற்று எதிர்த்திசையில்தான் அடித்துக்கொண்டிருந்தது. 2010இல் வெளிவந்து பெரும்பாலான அமெரிக்க மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட ‘காமன் கோர்’ பாடத்தரங்களில் விசைப்பலகைக்கு இடம் இருந்தது, கர்சிவ்வுக்கு இல்லை. 2016இல் பின்லாந்து கர்சிவ்வைக் கட்டாயப் பாடத்திலிருந்து எடுத்தது. ஆக, பத்துப் பதினைந்து வருடங்களுக்குள் ஒரே திறனை ‘இனி வேண்டாம்’ என்று ஒதுக்கியவர்களும் உண்டு, ‘ஐயோ, வேணும்’ என்று திரும்பக் கூப்பிட்டவர்களும் உண்டு.

நம் ஊர் ஆங்கிலவழிப் பள்ளிகளில் யு.கே.ஜி. பிள்ளை நாலு கோடு நோட்டில் நாக்கை லேசாக வெளியே நீட்டிக்கொண்டு ‘எஃப்’ என்ற எழுத்தின் மேல்சுழியையும் கீழ்சுழியையும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போன பிறகு பேனா பிடிப்பது கூரியர்காரர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போட மட்டும்தான். இப்போது அதற்கும் ஓடிபி வந்துவிட்டது. “அப்போ இதெல்லாம் எதுக்கு?” என்ற கேள்வி நியாயமானது. கிளார்க்ஸ் டேபிளைப் புரட்டியபோது, ஷீட் ஹோல்டரையும் டிராஃப்டரையும் தூக்கிக்கொண்டு காலேஜ் பஸ்ஸில் நின்றபோது, நாம் எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டதுதான்.

ஆனால் அது பாதிக் கேள்வி. இந்தத் திறன் பயன்படுமா என்று மட்டும் கேட்கிறோம். பயன்படாது என்று சொல்வது யார், கைவிட்டால் அதற்கு விலை கொடுக்கப்போவது யார் என்று கேட்பதில்லை. இந்த மறுபாதிதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

*

முதலில் பயனை மட்டும் பார்த்துவிடலாம். அங்கே கர்சிவ்வின் நிலைமை கொஞ்சம் மோசம்தான்.

எழுத்துகளைச் சேர்த்து எழுதுவதற்கு ஒரு காலத்தில் வலுவான காரணம் இருந்தது. இறகுப் பேனாவைக் காகிதத்திலிருந்து எடுத்து எடுத்து வைத்தால் மை சொட்டும், முனை சிக்கும். கையை எடுக்காமல் ஒரே ஓட்டமாக எழுதினால் சுத்தமாகவும் வரும், சீக்கிரமாகவும் முடியும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஆஸ்டின் பால்மர் என்பவர் விரலை அசைக்காமல் முழுக்கையையும் அசைத்து எழுதும் முறையைப் பரப்பினார். 1894இல் வந்த அவருடைய புத்தகம் வியாபார எழுத்துக்கான கையேடு. கவிஞர்களுக்காக எழுதப்பட்டதில்லை; நாள் முழுக்க பேரேடு எழுதும் குமாஸ்தாக்களுக்காக எழுதப்பட்டது. தட்டச்சு இயந்திரம் அப்போதே சந்தைக்கு வந்து இருபது வருடம் ஆகியிருந்தது. அதாவது, கர்சிவ் தன் பொற்காலத்திலேயே ஒரு இயந்திரத்தோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தது.

பிறகு பால்பாயிண்ட் பேனா வந்தது. 1938இல் லாஸ்லோ பீரோ காப்புரிமை பெற்றார். கெட்டியான மை, சொட்டாது. எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம், வைக்கலாம். சேர்த்து எழுதுவதற்கான தொழில்நுட்பக் காரணம் அங்கேயே முடிந்துபோனது. பழக்கம் மட்டும் பள்ளிக்கூடத்தில் தங்கிவிட்டது.

“கையால் எழுதினால் மூளைக்கு நல்லது என்று ஆராய்ச்சி சொல்கிறதே?” சொல்கிறது. இந்தியானா பல்கலைக்கழகத்தில் கேரின் ஜேம்ஸும் அவருடைய சக ஆய்வாளரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் வாசிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகளை எழுத்துகளைக் கையால் எழுதவும், புள்ளிகள் மேல் வரையவும், தட்டச்சு செய்யவும் வைத்தார்கள். பிறகு அந்த எழுத்துகளைப் பார்க்கும்போது மூளையை ஸ்கேன் செய்தார்கள். கையால் எழுதிப் பழகிய எழுத்துகளைப் பார்த்தபோதுதான் வாசிப்போடு தொடர்புடைய பகுதிகள் விழித்துக்கொண்டன. முக்கியமான முடிவுதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் எழுதியவை தனித்தனி அச்செழுத்துகள். ஆய்வு கையெழுத்துக்குச் சாட்சி சொல்கிறது, கர்சிவ்வுக்கு அல்ல. இரண்டையும் கலந்துவிட்டுத்தான் பெரும்பாலான விவாதங்கள் நடக்கின்றன.

அடுத்து ‘ஒழுக்கம்’. கர்சிவ் பொறுமையைக் கற்றுத்தருகிறது, கவனத்தைக் கூர்மையாக்குகிறது என்பார்கள். கற்றுத்தரலாம். அதே பொறுமையைப் புள்ளிக்கோலமும் சதுரங்கமும் மிருதங்கமும் கூடத்தான் தருகின்றன. எதைச் செய்தாலும் கிடைக்கும் ஒன்று, இதைத்தான் செய்ய வேண்டும் என்பதற்குக் காரணமாக முடியாது. அழகு என்பதும் அப்படியே. “கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காது” என்று சொல்லியே வளர்ந்த ஊர் நம்முடையது. அழகான கையெழுத்துக்கு மதிப்பு உண்டு, ஆனால் அதை நம்பி வாழ்க்கை நடத்த முடியாது என்று நம் பாட்டிகளுக்கே தெரிந்திருக்கிறது.

பயன் என்ற தராசில் மட்டும் வைத்தால், எழுதும் திறனாகக் கர்சிவ் தோற்றுவிட்டது என்றே நினைக்கிறேன். விஷயம் இத்தோடு முடிந்திருந்தால் கலிஃபோர்னியாக்காரர்களை விளங்காதவர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

*

எழுதுவதற்கு இன்னொரு பக்கம் உண்டு. வாசிப்பது.

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி ஆராய்ந்தவர் ட்ரூ கில்பின் ஃபாஸ்ட். ஹார்வர்டின் தலைவராக இருந்த வரலாற்றாசிரியர். 2022இல் ‘தி அட்லாண்டிக்’ இதழில் அவர் எழுதிய கட்டுரையில், தன் வகுப்பு மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேருக்குக் கர்சிவ்வை வாசிக்கவே தெரியவில்லை என்கிறார். எழுதத் தெரியாததை விடுங்கள். போர்க்களத்திலிருந்து ஒரு சிப்பாய் வீட்டுக்கு எழுதிய கடிதம் அவர்களுக்கு ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, ஆனால் அந்நிய மொழி. யாராவது அச்சிட்டுக் கொடுத்தால்தான் உண்டு.

இது அமெரிக்கர்களின் கவலை, நமக்கென்ன என்று தோன்றலாம். தஞ்சாவூருக்கு வாருங்கள்.

1676 வாக்கிலிருந்து 1855 வரை தஞ்சாவூரை மராட்டியர் ஆண்டார்கள். அவர்களின் அரண்மனை நிர்வாகம் மோடி என்ற எழுத்தில் நடந்தது. மோடி என்பது மராத்தியின் கர்சிவ் என்றே சொல்லலாம். முதலில் தாள் முழுக்க மேல்கோட்டை இழுத்துவிட்டு, அதன் கீழே கையை முடிந்தவரை எடுக்காமல் ஓட்டமாக எழுதிக்கொண்டே போவார்கள். குமாஸ்தாவின் வேகத்துக்காகவே வளர்ந்த எழுத்து. அச்சு பரவியதும் தேவநாகரி வசதியாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மோடி பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் மெல்ல வெளியேறியது. தப்பான முடிவு என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு எழுத்து எதற்கு?

ஆனால் சரசுவதி மகால் நூலகத்தில் மோடி ஆவணங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அரண்மனையின் அன்றாடச் செலவு, யாருக்கு என்ன மானியம், கலைஞர்களுக்கு என்ன கொடுத்தார்கள் எல்லாம் அதில் உண்டு. தமிழ்ப் பல்கலைக்கழகம் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது. மிச்சத்தைப் படிக்க விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை நம்பித்தான் இருக்க வேண்டும். ஒரு காலத்தில் சாதாரணக் குமாஸ்தா காலையில் டீ குடிக்கும் நேரத்தில் வாசித்திருக்கக்கூடிய தாள், இன்று நிபுணருக்கான வேலை.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தமிழில் கர்சிவ் கிடையாது என்று சொல்பவர்கள் வீட்டுப் பீரோவில் இருக்கும் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் பார்த்ததில்லை. பத்திர எழுத்தர் புள்ளி வைக்காமல், வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விடாமல் ஓட்டியிருப்பார். எண்கள் தமிழ் எண்களாக இருக்கும். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, மேற்படிக்கு ௸ என்று குறியீடுகள் வரும். அளவு குழியிலும் மாவிலும் இருக்கும். இந்தக் குறியீடுகள் எல்லாவற்றுக்கும் யூனிகோடில் இடம் இருக்கிறது. உங்கள் போனில்கூட இருக்கிறது. நம் கண்களில்தான் இல்லை. தாத்தாவின் நிலம் எதுவரை என்று அவர் தாளில் தெளிவாகத்தான் எழுதிவைத்திருக்கிறார். அதைத் தெரிந்துகொள்ள நாம் இன்னொருவரிடம் போய் நிற்க வேண்டும். அவர் சரியாகத்தான் படித்துச் சொன்னாரா என்று சரிபார்க்க நம்மிடம் வழி இல்லை.

இந்த ‘சரிபார்க்க வழி இல்லை’ என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

2013இல் ஃப்ளோரிடாவின் ஒரு நீதிமன்றத்தில் 19 வயதுக் கறுப்பினப் பெண் ஒருத்தி சாட்சிக் கூண்டில் உட்கார்ந்திருந்தாள். முந்தைய வருடம் சுட்டுக்கொல்லப்பட்ட 17 வயது ட்ரேவான் மார்ட்டினோடு கடைசியாகத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவள் அவள்தான். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவளிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். ட்ரேவானின் அம்மாவுக்கு அவள் அனுப்பிய கடிதம். அவள் சொல்லச் சொல்ல ஒரு தோழி எழுதியது. அவளால் படிக்க முடியவில்லை. தனக்குக் கர்சிவ் வாசிக்க வராது என்று சொன்னாள்.

அன்றைக்கு இணையம் அவளைக் கிழித்துப்போட்டது. மூன்று மொழிச் சூழலில் வளர்ந்த பெண் அவள். ஹெய்ட்டிய கிரியோல், ஸ்பானிஷ், ஆங்கிலம் மூன்றும் அவளுக்குத் தெரியும். அது யாருக்கும் செய்தியாகப் படவில்லை. கர்சிவ் தெரியாதது செய்தியானது. தீர்ப்புக்குப் பிறகு ஒரு ஜூரி தொலைக்காட்சிப் பேட்டியில் அவளுடைய சாட்சியம் நம்பும்படி இல்லை என்றார். அவள் பேசிய ஆங்கிலம் எப்படித் தவறாகக் கேட்கப்பட்டது, எப்படி ஒதுக்கப்பட்டது என்பதைப் பற்றி ஜான் ரிக்ஃபோர்டும் ஷரீஸ் கிங்கும் 2016இல் விரிவான மொழியியல் ஆய்வு ஒன்றை எழுதினார்கள். கர்சிவ்வால்தான் அந்தத் தீர்ப்பு அப்படி வந்தது என்று நான் சொல்லவில்லை. அந்தச் சாட்சிக் கூண்டில் கர்சிவ் என்ன வேலை செய்தது என்று மட்டும் பார்க்கிறேன்.

இரண்டு வேலை செய்தது. ஒன்று, சல்லடை வேலை. பயன் போன பிறகும் ஒரு திறன் ‘படித்தவர் யார், படிக்காதவர் யார்’ என்று பிரிக்கும் அடையாளமாக உயிரோடு இருக்கும். பள்ளிக்கூடங்கள் அதைச் சொல்லித்தருவதை நிறுத்தினாலும், அது தெரியாதவரைப் பார்த்துச் சிரிப்பதை உலகம் நிறுத்தாது. நல்ல பள்ளியும் வசதியும் உள்ள வீட்டில் எப்படியாவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அரசாங்கம் கைவிட்டதை அப்பா அம்மா காசு கொடுத்து வாங்கித்தருவார்கள். காசு இல்லாத வீட்டுப் பிள்ளை மட்டும் கூண்டில் நிற்கும்.

இன்னொன்று எனக்கு அதைவிடக் கனமாகத் தெரிகிறது. அது அவளுடைய சொந்தக் கடிதம். அவள் சொன்ன வார்த்தைகள். ஆனால் தாளில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு அவளால் பொறுப்பேற்க முடியவில்லை. தோழி நல்லவளாக இருந்திருக்கலாம், சொன்னதை அப்படியே எழுதியிருக்கலாம். ஆனால் அது தோழியின் நல்ல குணத்தைப் பொறுத்த விஷயம்.

இதற்குத் தமிழில் ஒரு சொல் உண்டு. வசவாகவே மாறிவிட்ட சொல்: கைநாட்டு. புரோநோட்டில் கட்டைவிரலை உருட்டிய எத்தனையோ பேருக்கு அதில் எழுதியிருந்த தொகை நூறா ஆயிரமா என்று தெரியாது. அவர்களுக்குக் கணக்கும் தெரியும், விவசாயமும் தெரியும், ஊர் நியாயமும் தெரியும். தாளில் இருப்பதைச் சரிபார்க்க மட்டும் வழி இல்லை. எழுத்தின் வடிவத்துக்கும் ஒப்பத்துக்கும் தமிழில் ஒரே சொல்தான், கையெழுத்து. அவர்களிடம் இல்லாமல் போனது அந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

*

‘பயன்’ என்பதை எப்படி அளப்பது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்குப் புதுக்கோட்டை ஞாபகம் வரும்.

1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களுக்கு எழுத்து சொல்லித்தரும் இயக்கம். அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்வதும் அந்த இயக்கத்தின் பகுதியானது. ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

எழுத்தறிவு இயக்கத்தில் சைக்கிளுக்கு என்ன வேலை? பாடத்திட்டம் போடுபவரிடம் கேட்டால் ‘சம்பந்தமே இல்லை’ என்பார். அந்தப் பெண்களைக் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும். சைக்கிள் தெரிந்தால் பஸ்ஸுக்காகக் காத்திருக்க வேண்டாம். அண்ணனோ வீட்டுக்காரரோ வந்து கூட்டிப்போகட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு வரலாம். விளைந்ததை இன்னொருவர் கையில் கொடுக்காமல் தானே சந்தைக்குக் கொண்டுபோகலாம். எழுத்து தருவதும் அதையேதான். பேங்க் செலானை நிரப்ப யாரையும் கெஞ்ச வேண்டாம். பஸ்ஸின் போர்டைப் படித்துச் சொல்லும்படி யாரையும் கேட்க வேண்டாம்.

எனக்கு இதிலிருந்து கிடைக்கும் அளவுகோல் எளிமையானது. ஒரு திறனை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்டால் பதில் வருடா வருடம் மாறும், ஏனென்றால் இயந்திரங்கள் மாறும். அந்தத் திறன் இல்லாவிட்டால் யாரிடம் போய்க் காத்திருக்க வேண்டும், அவர் நம்மை ஏமாற்றினால் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டால் பதில் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

இதை வைத்துப் பள்ளிக்கூடத்து மூட்டையைப் பிரித்துப் பார்க்கலாம்.

மடக்கை அட்டவணை. 1614இல் நேப்பியர் கொடுத்தது, மூன்றரை நூற்றாண்டு மனிதகுலத்தின் கணக்குகளைச் சுமந்தது. 1972இல் ஹெச்பி-35 கால்குலேட்டர் வந்ததும் ஸ்லைடு ரூல் ஓய்வுபெற்றது. நமக்கு மட்டும் கிளார்க்ஸ் டேபிள் அதற்குப் பிறகும் பல வருடம் கையில் இருந்தது. இதைக் கைவிட்டதில் யார் யாரிடம் மாட்டிக்கொண்டார்கள்? யாரும் இல்லை. கால்குலேட்டர் பெட்டிக்கடை விலைக்குக் கிடைக்கிறது. ஒன்றின் மேல் சந்தேகம் வந்தால் இன்னொன்றில் தட்டிப் பார்க்கலாம். எவன் தயாரித்தாலும் ஒரே விடைதான். தாராளமாகக் கைவிடலாம். ஆனால் மனக்கணக்கில் ‘ஏறத்தாழ இவ்வளவு வரும்’ என்று மதிப்பிடும் பழக்கத்தைக் கூடவே தூக்கிப்போட்டால், பில்லில் ஒரு சைபர் கூடினாலும் தெரியாது. அங்கே நாம் மறுபடி கைநாட்டு.

தட்டச்சு. டைப்ரைட்டர் உற்பத்தியே நின்றுபோன பிறகும் நம் ஊர் இன்ஸ்டிட்யூட்டுகளில் லோயர், ஹையர் என்று பிள்ளைகள் தட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்பவர்களுக்குச் சிரிப்பு. ஆனால் குரூப் 4 தேர்வில் தட்டச்சர் வேலைக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். முதல் தலைமுறையாகப் படித்து வந்த பெண் அரசு அலுவலகத்துக்குள் நுழைய அதுவே வாசல். இயந்திரம் செத்தாலும் விரல் பழக்கம் கணினிக்கு அப்படியே வந்துவிட்டது என்பது கூடுதல் லாபம்.

இந்த மூட்டையிலேயே அதிகம் கிண்டலடிக்கப்பட்டது ‘அனுப்புநர், பெறுநர்’ கடிதம். “பொருள்: விடுப்பு வேண்டுதல் தொடர்பாக.” மீம் போடாத ஆள் இல்லை. உண்மையில் பள்ளிக்கூடம் கத்துக்கொடுத்ததிலேயே குடிமகனுக்கு ரொம்ப உபயோகமானது அதுதான் என்பேன். 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், ஒரு வெள்ளைத்தாளில் கேள்வியை எழுதி, 10 ரூபாய் கட்டணத்தோடு அனுப்பினால் அரசாங்கம் பதில் சொல்லக் கடமைப்பட்டது. வக்கீல் வேண்டாம், புரோக்கர் வேண்டாம். அனுப்புநர், பெறுநர், பொருள், தெளிவான நாலு வரி போதும்.

இதே அளவுகோலில் சரியாகக் கைவிட்டதற்கும் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் பயன்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றுக்கொண்டது. லை, னை போன்றவற்றின் மேல் யானைத் துதிக்கை மாதிரி வளைந்திருந்த கொம்பு போனது. ணா, றா, னா மற்ற எழுத்துகளைப் போலவே கால் வாங்கிக்கொண்டன. கற்பவருக்குச் சுமை குறைந்தது, அச்சுக்கும் தட்டச்சுக்கும் வசதி. ஆனாலும் 1950இல் அச்சான நாவலை இன்றைய இருபது வயதுக்காரர் எடுத்தால், பத்துப் பக்கத்துக்குள் பழைய வடிவங்கள் பிடிபட்டுவிடும். யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. புதிய கதவைத் திறந்தார்கள், பழைய கதவைப் பூட்டவில்லை. மோடிக்கு நடந்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

*

இதையெல்லாம் ஒரு மென்பொருள்காரன் ஏன் யோசிக்கிறான் என்றால், என் தொழில்தான் இப்போது கர்சிவ் இருந்த இடத்தில் இருக்கிறது.

2024 பிப்ரவரியில் துபாயில் நடந்த ஒரு மாநாட்டில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், பிள்ளைகள் எல்லோரும் நிரல் எழுதக் கற்க வேண்டும் என்று இவ்வளவு காலம் சொல்லப்பட்டதற்கு நேர் எதிரான நிலை வந்துவிட்டது என்றார். யாரும் நிரல் எழுதத் தேவையில்லாதபடி கணினியை ஆக்குவதுதான் தங்கள் வேலை என்றும் சொன்னார். அவர் மின்பொறியியல் படித்தவர். அந்தத் ‘தேவையில்லாத’ உலகத்துக்கு வேண்டிய சில்லுகளை விற்பதும் அவருடைய நிறுவனம்தான். அவர் சொல்வது நடக்காது என்று நான் சொல்லவில்லை. ஏணியின் உச்சியில் நிற்பவர் ‘ஏணி இனி வேண்டாம்’ என்று சொல்லும்போது, கீழே நிற்பவர் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும் என்கிறேன்.

இதற்கு நல்ல எதிர்வாதம் ஒன்று உண்டு. எங்கள் தொழிலின் கதையே கைவிட்ட கதைதான். 1957இல் ஐபிஎம் ஃபோர்ட்ரானைக் கொண்டுவந்தபோது, இயந்திர மொழியில் கைதேர்ந்தவர்கள் பலர் ஒரு கம்பைலரால் தங்களைப் போல எழுத முடியும் என்று நம்பவில்லை. இன்று எனக்கு அசெம்பிளி மொழியில் பத்து வரி உருப்படியாக எழுத வராது. அதனால் நான் யாருக்கும் அடிமை ஆகிவிடவில்லையே? ஏஐ எழுதும் நிரலும் அப்படித்தானே?

முழுக்க அப்படி இல்லை. கம்பைலர் கால்குலேட்டரைப் போன்றது. ஒரே நிரலை அதே அமைப்புகளோடு ஆயிரம் முறை கொடுத்தாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். அதன் விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. திறமூலக் கம்பைலர்களை யாரும் பிரித்துப் பார்க்கலாம். ஒன்றை நம்பாவிட்டால் இன்னொன்று இருக்கிறது. ஏஐ உதவியாளர் பத்திர எழுத்தரைப் போன்றவர். பெரும்பாலும் சரியாக எழுதுவார், நம்மைவிட வேகமாக, அழகாக எழுதுவார். இன்று ஒரு மாதிரியும் நாளை இன்னொரு மாதிரியும் எழுதுவார். அவருடைய கூலியை அவருடைய முதலாளி தீர்மானிப்பார். எழுதியது சரியா என்று பார்க்க, வாசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவராக இப்போது நாங்கள் இருக்கிறோம். பத்து வருடம் கையால் எழுதிப் பழகியவர்கள். ஏஐ தரும் ஐம்பது வரியில் எந்த வரி இடறுகிறது என்று எங்களுக்குக் கண்ணில் படுகிறது, ஏனென்றால் அந்த இடத்தில் நாங்கள் முன்பு விழுந்திருக்கிறோம். அதனால் எங்களுக்கு அது வசதி. அதையே பார்த்து ஒரு முதலாமாண்டு மாணவியிடம் “கோடிங்லாம் இனி எதுக்கும்மா, பிராம்ப்ட் போடக் கத்துக்க” என்று சொல்வது வேறு. தெரிந்தவர் கைவிடுவதற்குப் பெயர் ஓய்வு. தெரிந்துகொள்ள வாய்ப்பே கிடைக்காதவருக்கு நடப்பது பறிபோவது. பார்வைக்கு இரண்டு பேரும் ஒரே வேலையை ஒரே கருவியை வைத்துச் செய்வதுபோலத்தான் இருக்கும். கருவி தப்புச் செய்யும் நாளில்தான் வித்தியாசம் தெரியும்.

கைவிடும் உரிமை என்று நான் சொல்வது இதைத்தான். ஒரு திறனைக் கைவிட அந்தத் திறன் உள்ளவருக்கு முழு உரிமை உண்டு, தன் சார்பாக. அடுத்தவரின் பிள்ளை சார்பாகக் கைவிடும்போது அது வெறும் வசதி பற்றிய முடிவாக இருக்க முடியாது. ‘உனக்கு இது வேண்டாம்’ என்று சொல்பவர், ‘வேண்டும் என்ற நாள் வந்தால் நீ யாரிடம் போவாய், அவரை எப்படிச் சரிபார்ப்பாய்’ என்பதற்கும் சேர்த்துப் பதில் வைத்திருக்க வேண்டும்.

*

சரி, கர்சிவ் வேணுமா வேண்டாமா?

என் பதில் இது. கையால் எழுதுவது வேண்டும், எல்லாப் பிள்ளைகளுக்கும், எந்த வடிவத்தில் என்றாலும். மின்சாரமும் சார்ஜும் பாஸ்வேர்டும் இல்லாமல் தன் கருத்தைப் பதிவுசெய்யக்கூடிய ஒரே வழி அது. கர்சிவ்வை வாசிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். எழுதிக் கைதேர ஆகும் வருடங்கள் அதற்கு ஆகாது, சில வாரங்கள் போதும். கர்சிவ்வில் எழுதுவது விருப்பமுள்ள பிள்ளைக்கு விளையாட்டாக இருக்கட்டும். அழகுக்கு மதிப்பெண் கொடுப்பதை நிறுத்திவிடலாம். இடதுகையால் எழுதும் பிள்ளை, இடமிருந்து வலமாக ஓடும் எழுத்தில் தன் மையைத் தானே தேய்த்துக்கொண்டு போகிறது. சாய்வு சரியில்லை என்று அதற்கு மதிப்பெண் குறைப்பதில் எந்த அறமும் இல்லை.

நம் பள்ளிகளுக்கு இன்னொன்றும் கேட்பேன். எட்டாம் வகுப்பிலோ ஒன்பதிலோ ஒரு மாதம், தமிழ் வகுப்பில் பிள்ளைகளை வீட்டிலிருந்து ஒரு பழைய தாளின் நகலைக் கொண்டுவரச் சொல்லலாம். கடிதம், பத்திரம், பேரேட்டின் ஒரு பக்கம், எதுவானாலும் சரி. வகுப்பாக உட்கார்ந்து வாசிக்கலாம். வீட்டில் தாளே இல்லாத பிள்ளைகள் இருப்பார்கள். நிலமோ எழுத்தோ கிடைக்காத குடும்பங்கள் அவை. அந்தப் பிள்ளைகளோடு ஊர்க் கோயில் கல்வெட்டையோ பஞ்சாயத்துப் பழைய பதிவேட்டையோ எடுத்துக்கொள்ளலாம். யாருடைய பெயர் எழுத்தில் இருக்கிறது, யாருடையது இல்லை என்பதும் அங்கேயே பேசப்பட்டுவிடும்.

திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஏதாவது ஒரு கலெக்டர் ஆபீஸ் வாசலுக்குப் போய்ப் பாருங்கள். மரத்தடியில் சின்ன மேசை போட்டு மனு எழுதிக்கொடுப்பவர்கள் இருப்பார்கள். எதிரில் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு அம்மா தன் பட்டா பிரச்சினையைச் சொல்லிக்கொண்டிருப்பார். எழுதுபவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதுவார். இன்னும் கொஞ்ச நாளில் அந்த மேசைக்குப் பதில் ஒரு செயலி வந்துவிடும். அந்த அம்மா பேசப் பேச அது பிழையில்லாத தமிழில் மனுவைத் தந்துவிடும். நல்லதுதான், கூலி மிச்சம். எழுதிய மனுவை அந்த அம்மா கையில் வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “இது நான் சொன்னது இல்லையே, இந்த வரியை மாத்து” என்று சொல்ல முடிகிறதா என்பதை மட்டும் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.